பேசாப் பெட்டியியல்: பதிவுப் பெட்டியின் ஓசைக் குறைகள் பற்றி ஓர் ஆய்வு

தமிழில் ஓசையை ஆராய்ந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எழுத்து எங்கே பிறக்கிறது என்று இலக்கணிகள் வரையறுத்தார்கள். பண்களை இசைவாணர்கள் வகுத்தார்கள். யாழுக்கு எத்தனை நரம்பு என்ற வழக்கிலேயே ஆயுளைக் கழித்த அறிஞர்களும் உண்டு. ஆனால் இரவு எட்டரை மணிக்கு, ஒரு வாரமாக முறைத்துக்கொண்டே நின்ற சீரியல் மாமியார் ஒருவழியாக வாய் திறக்கும் வேளையில், உதடு மட்டும் அசைந்து ஓசை வராமல் போகும் அவலத்தைப் பற்றி நம்மிடம் ஒரு நூற்பாகூட இல்லை. அக்குறையை நீக்க எழுந்தது இக்கட்டுரை.

முதலில் ஆய்வெல்லை. இங்கே ஆராயப்படுவது செட்டாப் பாக்ஸ். அதிலும் நிகழ்ச்சியைத் தன் வயிற்றில் சேமித்து, வேண்டும்போது எடுத்துக் காட்டும் ரெக்கார்டர் வகை. படம் வந்து ஓசை வராதது, ஓசை விட்டுவிட்டு வருவது, படத்துக்கு முந்தியோ பிந்தியோ வருவது, கேட்காத மொழியில் வருவது ஆகியன ஆய்வுக்கு உட்பட்டவை. படம் வராமல் ஓசை மட்டும் வருவது இதில் சேராது. அதற்கு வானொலி என்று பெயர், அதில் நம் முன்னோர் குறை ஏதும் கண்டதில்லை. இரண்டுமே வராவிட்டால் அது மின்வாரியத்துக்கோ மாதச் சந்தாவுக்கோ உரிய துறை.

பூர்வீகம்

பெட்டியைப் பற்றி வீட்டார் கொண்டிருக்கும் நம்பிக்கைகளை முதலில் தோண்ட வேண்டும். பழுதுகளில் பாதி அங்கேதான் புதைந்திருக்கின்றன. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வெள்ளிக்கிழமைகளில் ‘ஒலியும் ஒளியும்’ பார்த்து வளர்ந்த தலைமுறை, டேப் ரெக்கார்டரை டிவி ஸ்பீக்கருக்கு எதிரே ஸ்டூல் போட்டு வைத்து, சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கி, வீட்டில் இருந்த அத்தனை பேரையும் மூச்சுவிடாமல் உட்காரவைத்துப் பாட்டைப் பதிந்தது. அந்தக் கேசட்டுகளில் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே குக்கர் விசிலும், “கதவத் தொறங்கடி” என்ற குரலும் இடைச்செருகலாகப் பதிந்துகிடக்கின்றன. பாடபேத ஆய்வாளர்கள் இதுவரை அவற்றைத் தொடவில்லை.

அத்தலைமுறை இன்று தாத்தா பாட்டியாகிவிட்டது. நம்பிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. ரெக்கார்டு ஓடும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்தால் பதிவிலும் சத்தம் குறையும். டிவியை அணைத்தால் பதிவே நின்றுவிடும். பக்கத்தில் மிக்ஸி ஓடினால் அதுவும் உள்ளே போய்விடும். டேப் ரெக்கார்டரைப் பொறுத்தவரை இவை மூன்றும் மறுக்கமுடியாத அறிவியல். ஆனால் இந்தப் பெட்டிக்குக் காதே கிடையாது. வானிலிருந்தோ கேபிளிலிருந்தோ வரும் எண்களின் ஓட்டத்தை, 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக, உள்ளிருக்கும் வட்டில் எழுதிக்கொள்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் நெற்றியிலும் ஓர் எண் இருக்கிறது; இது படம், இது தமிழ் ஓசை, இது இந்தி ஓசை என்று பிரிப்பது பிறகு பார்க்கும்போதுதான். டிவி அணைந்திருந்தாலும் அதன் வேலை நடக்கும். மிக்ஸிக்கு அங்கே நுழைவில்லை.

இடையில் வந்து போன வி.சி.ஆரைச் சொல்லாமல் விட்டால் வரலாறு நிறையாது. வி.எச்.எஸ். நாடாவில் படத்துக்குக் கிடைத்தது கூடம்; ஓசைக்குக் கிடைத்தது மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய திண்ணை. நாடாவின் ஓரம் கொஞ்சம் மடங்கினாலும் படம் பளிச்சென்று ஓட, பேச்சு மட்டும் குழறும். கல்யாண கேசட் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இதற்குச் சான்று உண்டு.

வட்டில் பதியும் பெட்டிகள் 1999-ல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்ற பெயர்களில் கடைக்கு வந்தன. சென்னை செட்டாப் பாக்ஸைப் பார்த்தது 2003 செப்டம்பரில், கட்டணச் சேனல்களுக்காகக் கொண்டுவந்த கேஸ் (சி.ஏ.எஸ்.) முறையோடு. அது பதியாத பெட்டி. இந்தியாவில் பதியும் பெட்டியைப் பரவலாக அறிமுகப்படுத்தியது 2008-ல் வந்த டாடா ஸ்கை பிளஸ்.

ஓசை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். நொடிக்கு 192 கிலோபிட் என்ற வழக்கமான வீதத்தில் ஒரு மணி நேர ஓசை ஏறத்தாழ 86 மெகாபைட். படத்தை நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் அதே ஒரு மணி நேரத்துக்கு 1,800 மெகாபைட். ஓசையின் பங்கு இருபதில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்தச் சிறு பங்கை மட்டும் அடுக்களையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டால் சீரியலின் கதை முழுதும் விளங்கும். மீதிப் பெரும்பங்கை மட்டும் பார்த்தால், யாரோ யாரையோ மூன்று முறை திரும்பிப் பார்த்தார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இடம் காணல்

தொல்காப்பியர் பிறப்பியலில், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களின் துணையால் எழுத்தோசையாகிறது என்கிறார். பெட்டியின் ஓசைக்கும் இதேபோல் எட்டு இடம் காட்டிவிட்டால் கருத்தரங்கில் கைத்தட்டல் நிச்சயம். எட்டு வரவேண்டுமே என்று ஒரே ஒயரை இரண்டாக எண்ணும் வழக்கம் நம் ஆய்வுலகில் உண்டு. இக்கட்டுரை அதைச் செய்யாது. நமக்கு இரண்டே இடம் போதும்: வட்டுக்கு முன், வட்டுக்குப் பின்.

குறை இவ்விரண்டில் எங்கே என்பதைக் கண்டுபிடிக்கப் பின்னோட்டச் சோதனை ஒன்றே வழி. ஓசை அறுந்ததும் பத்து விநாடி பின்னால் போய் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அதே சொல்லில், அதே எழுத்தில் மீண்டும் அறுந்தால் பெரும்பாலும் அந்த மௌனமே பதிவாகியிருக்கிறது என்று பொருள். குறை வட்டுக்கு முன்னால்: மழை, காற்றில் திரும்பிய டிஷ், தெருமுனையில் கேபிள்காரர் வைத்த ஆம்ப்ளிஃபயர், அல்லது நிலையமே. இரண்டாம் தடவை ஓசை ஒழுங்காக வந்தாலோ, வேறோர் இடத்தில் அறுந்தாலோ குறை வட்டிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது: வட்டைப் படிப்பதில் தடுமாற்றம், பெட்டியின் மென்பொருள், மெனு அமைப்பு, ஒயர், டிவி. முதல் வகையில் வீட்டுக்குள் எதைத் தொட்டும் பயனில்லை. இரண்டாம் வகையில் கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை. போன வாரம் நன்றாகக் கேட்ட பழைய பதிவு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது இச்சோதனையின் துணைவிதி; அதுவும் ஊமையாக இருந்தால் நிலையத்துக்கும் மழைக்கும் முழு விடுதலை அளித்துவிடலாம்.

மழையைப் பற்றி ஒரு சொல். டிஷ்ஷுக்கு வரும் அலை ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலானது. அதை மழைத்துளி விழுங்கும். ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் ஏறும், அந்த இரைச்சலுக்குள்ளும் செய்தி வாசிப்பவர் வாசித்துக்கொண்டிருப்பார், காதைத் தீட்டிக்கொண்டால் புரிந்துகொள்ளலாம். டிஜிட்டலில் மங்குதல் என்ற நிலையே கிடையாது. பிழைதிருத்தம் தாங்கும் வரை தாங்கி, தாங்காத இடத்தில் ஒரு ‘கிரீச்’, பிறகு ஒன்றுமில்லை. மழை நேரத்தில் பதிந்தது வெயில் அடித்தாலும் சரியாகாது. அந்தப் பொட்டலங்கள் வந்து சேரவே இல்லை.

மௌனத்தைத் திரும்ப ஓட்டி ஆராயும் வசதி வீட்டில் வேறெந்தச் சாதனத்துக்கும் கிடையாது. ஃபேன் நின்றால் அது நின்ற கணத்தை மறுபடி பார்க்க முடியாது. இருந்தும் எந்த வீட்டிலும் இச்சோதனை முதலில் நடைபெறுவதில்லை. காரணம், அங்கே எழும் முதல் கேள்வி வேறு. களஆய்வில் பதிவான உரையாடல் ஒன்று:

“டேய், சவுண்டு வரல. யாரு கைய வச்சது?”

“நான் தொடவே இல்ல அத்தை. மாமாதான் நியூஸ் மாத்தினாரு.”

“நான் மாத்தும்போது சவுண்டு இருந்துச்சே. அதுக்கப்புறம் இவன்தான் கார்ட்டூன் போட்டான்.”

மூன்று வாக்குமூலங்களிலும் பெட்டியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஓசை எங்கே போனது என்பதற்கு விடை தேட ஒருவருமில்லை. யாரால் போனது என்பதற்கு மட்டும் இரண்டு விடைகள். இந்தத் துறை வளராமல் போனதற்கு இதுவே தலையாய காரணம் என்பது என் துணிபு.

நெறிகள்

பழுதுநீக்கத்தில் நம்மிடையே சில நெறிகள் வழங்குகின்றன. தட்டல் நெறியினர் பெட்டியின் உச்சியில் உள்ளங்கையால் இரண்டு போடுவர். பழைய டிவிகளில் உள்ளே ஈயப்பற்று விட்டுப்போன இடங்கள் அதிர்ச்சியில் மறுபடி ஒட்டிக்கொண்டதால் பிறந்த நெறி இது. அன்று அதில் நியாயம் இருந்தது. ரெக்கார்டரில் நிமிடத்துக்குப் பெரும்பாலும் 5,400 சுற்று வேகத்தில் ஒரு வட்டு சுழன்றுகொண்டிருக்கிறது. அதன் தலையில் தட்டுவது, இருக்கும் பதிவுகளையும் சேர்த்து ஊமையாக்கும் முயற்சி.

துடைத்தல் நெறியினர் ஸ்மார்ட் கார்டை உருவி, புடவைத் தலைப்பால் துடைத்து, ஒருமுறை ஊதி, மறுபடி செருகுவர். படத்தின் பூட்டுக்கும் ஓசையின் பூட்டுக்கும் ஒரே கார்டுதான் சாவி. கார்டில் கோளாறு என்றால் படமும் வந்திராது. ஆகவே இதைச் சடங்கு என்றே வகைப்படுத்த வேண்டும். செய்வதில் கேடு இல்லை, ஊதும்போது எச்சில் படாமல் இருந்தால் சரி.

ஒயரைப் பிடுங்கிச் செருகுவோரை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. ஒயரில் மஞ்சள் மட்டும் படம். மற்ற இரண்டும் ஓசை. அலமாரியைத் துடைக்கும்போது வெள்ளை கழன்றால் ஒரு பக்க ஸ்பீக்கர் போகும். இரண்டும் கழன்றால் முழு மௌனம். அங்கே இந்நெறி நேரடி மருந்து. எச்.டி.எம்.ஐ. ஒயரிலும் அது பலிக்கிறது, ஆனால் அவர்கள் நினைக்கும் காரணத்தால் அல்ல. அதற்குப் பிறகு வருவோம்.

மியூட் தேற்றம்

டிவிக்கு ஒரு மியூட், பெட்டிக்கு ஒரு மியூட். ஒவ்வொன்றும் அடைத்தோ திறந்தோ இருக்கும் என்பதால் மொத்தம் நான்கு நிலைகள். ஓசை வருவது அவற்றில் ஒன்றில்தான். சவுண்டு பார் வாங்கிய வீட்டில் மூன்று ரிமோட், எட்டு நிலைகள். அங்கும் ஓசை ஒன்றில்தான். ஆக, ஓசைக்காகப் பணம் செலவழிக்கச் செலவழிக்க மௌனத்தின் பங்கு நான்கில் மூன்றிலிருந்து எட்டில் ஏழாக உயர்கிறது. இதற்கு நிறுவல் தேவையில்லை. எந்த வரவேற்பறையிலும் சரிபார்க்கலாம்.

மியூட் பொத்தானின் தீய குணம் அது மறதிக்காரர் கையில் மாறி மாறிப் போவது. ஒருவர் அமுக்கித் திறந்ததை, அதைக் கவனிக்காத இன்னொருவர் உதவி செய்வதாக எண்ணி அமுக்கி அடைப்பார். மியூட்டைத் தொடாமல் ஒவ்வொரு ரிமோட்டிலும் வால்யூம் கூட்டும் பொத்தானை ஒருமுறை அமுக்குவதே அறிவுடைமை. பெரும்பாலான கருவிகளில் அது மியூட்டைத் திறந்துவிடும், எத்தனை பேர் அமுக்கினாலும் திரும்ப அடைக்காது. ரிமோட்டே வேலை செய்கிறதா என்ற ஐயம் எழுந்தால் அதன் முனையைக் கைப்பேசியின் செல்ஃபி கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அமுக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பெரும்பாலும் திரையில் ஊதாப் பொட்டாக மின்னும். பென்சில் செல்லைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டுவது, இடம் மாற்றிப் போடுவது, பல்லால் கடிப்பது ஆகிய வழக்குகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடுகின்றன. தனி ஆய்வுக்கு உரியவை.

பெட்டியின் வால்யூம் பத்தில் கிடக்க, டிவியைத் தொண்ணூறில் வைத்துப் பார்க்கும் குடும்பங்களும் உண்டு. ஓசை வரும், கூடவே ‘ஸ்...’ என்ற இரைச்சலும் வரும். என்றாவது விருந்தாளி ஒருவர் பெட்டியின் ரிமோட்டை எடுத்து ஏற்றும்போது தூங்கும் குழந்தை அலறி எழும். பெட்டியை முழு அளவில் நிறுத்திவிட்டு டிவியில் கூட்டிக் குறைப்பதே முறை.

எச்.டி. ஊமை

இனித் துறையின் நெஞ்சுப் பகுதி. எச்.டி. பெட்டியிலிருந்து ஓசை இரண்டு உருவில் வெளியேறலாம். ஒன்று பி.சி.எம்.: பெட்டியே அவிழ்த்து, நொடிக்கு 48,000 மாதிரிகளாக, எந்த டிவிக்கும் விளங்கும்படி கொடுத்துவிடுவது. மற்றது டால்பி டிஜிட்டல்: ஆறு தடங்கள் வரை சுருக்கிக் கட்டி, பிரிப்பது வாங்குபவர் பாடு என்று அனுப்பிவிடுவது. வாங்கும் டிவிக்குப் பிரிக்கத் தெரியாவிட்டால் அது முனகுவதில்லை, பிழைச்செய்தி காட்டுவதில்லை, மானம் போகாமல் சும்மா இருந்துவிடுகிறது.

இக்குறையின் அடையாளம் தெளிவானது. பழைய எஸ்.டி. சேனல்கள் எல்லாம் பேசும், எச்.டி. சேனல்களில் சில மட்டும் ஊமையாக இருக்கும். அவற்றிலிருந்து எடுத்த பதிவுகளும் அப்படியே. “அந்தச் சேனலுக்குப் பணம் கட்டலையா?” என்ற கேள்வி இந்நிலையில் தவறாமல் எழும். பணம் கட்டாத சேனலில் படத்தையும் தரமாட்டார்கள். வணிகத்தில் அவ்வளவு தாராளம் கிடையாது. பெட்டியின் மெனுவில் ஆடியோ பகுதிக்குப் போய், டால்பி என்றிருப்பதை பி.சி.எம். அல்லது ஸ்டீரியோ என்று மாற்றினால் ஊமை அந்த விநாடியே பேசும். பழைய பதிவுகளும் சேர்ந்து பேசும் என்பதுதான் இதில் அழகு. அவற்றில் ஓசை எப்போதும் இருந்தது. வெளியே வரும் உருவில்தான் சிக்கல்.

நேற்றுவரை பேசிய பெட்டி இன்று ஏன் மாறியது என்றால், இரவோடிரவாக வானிலிருந்து இறங்கும் மென்பொருள் புதுப்பிப்பு சில வேளை அமைப்புகளைப் பிறந்த நிலைக்கே கொண்டுபோய்விடும். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால், கை வைத்தது யார் என்ற விசாரணை இங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது.

எச்.டி.எம்.ஐ. ஒயரின் 19 முனைகளில் ஓர் இணை வழியாகத்தான் டிவி தன் தகுதிகளைப் பெட்டியிடம் சொல்கிறது: இன்ன அளவுப் படம் காட்டுவேன், இன்ன வகை ஓசை எனக்குப் புரியும். பெட்டி அதன்படி நடந்துகொள்ள வேண்டும். பெட்டி முதலில் விழித்து, டிவி பிறகு விழித்தால், பெட்டி கேட்கும்போது பதில் சொல்ல எதிரே ஆளிருக்காது. அப்போது அது தன் விருப்பத்துக்கு ஏதோ ஒன்றை முடிவுசெய்யும். ஒயரைப் பிடுங்கிச் செருகும்போது இந்த அறிமுகம் மறுபடி முதலிலிருந்து நடக்கிறது. பிடுங்குவோர் நெறி பலிப்பதன் உட்காரணம் அதுதான். டிவியை முதலிலும் பெட்டியைப் பிறகும் போடும் வீடுகளில் பிடுங்க வேண்டிய தேவை குறையும்.

இதே இடத்தில் புளூடூத்தையும் சொல்லிவிட வேண்டும். படம் கூடத்தில் ஓட, ஓசை உள்ளறையில் படுத்திருக்கும் பேத்தியின் ஹெட்ஃபோனில் போய்க் கேட்பது அண்மைக்கால வழக்கு. சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்ததைக் கதையாகக் கேட்டவர்கள் இதை நேரில் காணலாம். டிவியின் ஒலி வெளியீடு எங்கே என்று மெனுவில் பார்த்து ‘டிவி ஸ்பீக்கர்’ என்று மாற்றினால் திரும்பி வரும். பேத்தி எதிர்ப்பு தெரிவிப்பாள்.

ஒரே படத்துக்குப் பல மொழித் தடங்கள் தரும் சிறுவர் சேனல்களிலும் அறிவியல் சேனல்களிலும் பதிவு திடீரென இந்தி பேசக்கூடும். இதை அரசியலாக்க வேண்டியதில்லை. பல பெட்டிகள் எல்லாத் தடங்களையும் சேர்த்தேதான் பதிகின்றன. ரிமோட்டில் ஆடியோ அல்லது மொழிப் பொத்தானை அமுக்கினால் தமிழ் உள்ளேதான் இருக்கும்.

வசனம் மட்டும் காணாமல் போதல்

எனக்கு மிகப் பிடித்த குறை இது. பின்னணி இசை வீட்டை அதிரவைக்கும். கதவு சாத்தும் சத்தம், இடி, மழை எல்லாம் கேட்கும். மனிதர்கள் மட்டும் பேசமாட்டார்கள். ஆறு தட ஓசையில் வசனத்துக்கென்று பெரும்பாலும் நடு ஸ்பீக்கரையே ஒதுக்குவார்கள். ஹோம் தியேட்டரில் அந்த ஒன்றின் ஒயர் கழன்றுவிட்டால் உலகம் முழுதும் இயங்கும், பேச்சு மட்டும் இராது. சினிமாவில் இதை உடனே கண்டுபிடிக்கலாம். சீரியலில் நேரமாகும், அங்கே ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போகவே மூன்று இடி இடிக்க வேண்டியிருப்பதால், வசனம் வரவேண்டிய இடம் இதுதானா என்று பார்ப்பவருக்கு நிச்சயமில்லை.

ஹெட்ஃபோன் துளையில் அரைகுறையாகச் செருகிய 3.5 மில்லிமீட்டர் பிளக்கும் இதே வேலையைச் செய்யும். பொதுமுனை தொடாமல் நின்றால் இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இரண்டிலும் சமமாக இருப்பது குரல். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் பூச்சியம். கரோக்கிக்காரர்கள் மென்பொருள் வாங்கிச் செய்வதை அரைப் பிளக் இலவசமாகச் செய்துதருகிறது. அழுத்திச் செருகினால் குரல் திரும்பும்.

முந்தலும் பிந்தலும்

படத்துக்கும் ஓசைக்கும் தனித்தனி நேரமுத்திரை உண்டு. நொடிக்கு 90,000 முறை துடிக்கும் கடிகாரத்தை வைத்து அந்த முத்திரையைக் குத்துகிறார்கள். பார்க்கும்போது பெட்டி இரண்டு முத்திரைகளையும் ஒப்பிட்டு ஜோடி சேர்க்கிறது. அந்தக் கடிகார எண் 33 பிட் அகலமுள்ளது. ஆகவே ஏறத்தாழ 26 மணி 30 நிமிடத்துக்கு ஒருமுறை நிரம்பி, பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். மென்பொருள் எழுதியவர் இந்த நள்ளிரவைச் சரியாகக் கடக்காவிட்டால் ஜோடி பிரியும். வேகமாக ஓட்டி நிறுத்தும்போதும், நேரலையை நிறுத்திவைத்துத் தொடரும்போதும் இதே ஆபத்து. பாஸ் அமுக்கி மறுபடி பிளே கொடுத்தாலோ, நேரலைக்குத் திரும்பினாலோ பெரும்பாலும் ஒத்துப்போகும். (வேகமாக ஓட்டும்போது ஓசை வருவதில்லை என்று புகார் செய்வோர் உண்டு. அது குறையன்று, அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.)

மனிதர் எவ்வளவு பிசகைப் பொறுப்பார் என்பதைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-ல் ஒரு பரிந்துரையில் எழுதிவைத்திருக்கிறது. ஓசை 45 மில்லிவிநாடி முந்தினாலே நமக்குத் தெரிந்துவிடும்; பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை தெரியாது. இந்த ஓரவஞ்சனைக்குக் காரணம் இயற்கை. ஒளி உடனே வருகிறது, ஓசை நொடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் வீதத்தில் நடந்து வருகிறது. 125 மில்லிவிநாடிக்கு 43 மீட்டர். ஆற்றின் அக்கரையில் துணி கல்லில் விழுந்த பிறகு சத்தம் வருவதைக் கண்டு வளர்ந்த காது இது. துணி விழுமுன்னே சத்தம் வந்ததாக எந்த ஆற்றங்கரையிலும் சான்றில்லை. புதிய டிவிகளோ படத்தை மெருகேற்றுகிறேன் என்று சில படச்சட்டங்களைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஓசை சவுண்டு பார் வழியே முந்திப் போய்விடுகிறது. காது பொறுக்காத திசையில்தான் பிசகு நேர்கிறது. மெனுவில் ‘ஆடியோ டிலே’ என்ற ஒன்று இருப்பது இதற்காகவே.

சோதிக்கும் முறையில் எச்சரிக்கை வேண்டும். டப்பிங் சீரியலை வைத்துச் சோதித்தால் பெட்டிக்கு அநியாயமாகக் கெட்ட பெயர் வரும். செய்தி வாசிப்பவர் பரவாயில்லை. ஆனால் மார்கழிக் கச்சேரிப் பதிவில் மிருதங்கக்காரரின் கையைவிடச் சிறந்த அளவுகோல் கிடைக்காது: விரல் தோலைத் தொடும் கணமும் ‘தீம்’ என்ற ஓசையும் ஒன்றாக நிகழவேண்டும். தனியாவர்த்தனத்தில் எழுந்து காபி குடிக்கப் போகும் ரசிகர்கள் இந்த ஆய்வுக்குத் தகுதியற்றவர்கள்.

விளம்பரம் வந்ததும் சத்தம் கூடுவதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். பெட்டிக்கு அதில் பங்கில்லை. உச்ச அளவு மாறாமலே, தாழ்ந்த இடங்களையெல்லாம் தூக்கி நிரப்பிக் கலப்பதால் காதுக்கு அப்படிப் படுகிறது. அமெரிக்காவில் 2010-ல் இதற்கென்றே சட்டம் போட்டு, அளவீட்டு முறையோடு 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். நம் 1994-ஆம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாம் விதியின் ஆறாம் உட்பிரிவும் விளம்பரத்தின் ஓசை அளவுமீறி உரக்க இருக்கக்கூடாது என்கிறது. எத்தனை டெசிபெல் மீறினால் மீறல் என்று அது சொல்லவில்லை. விதியை நம்பி இருப்பதைவிட, பதிந்துவைத்து விளம்பரத்தை ஓட்டிவிடுவது எளிது.

அணைத்துப் போடுதல்

எங்கள் வீட்டுப் பெட்டி ஊமையானபோது சேவை மையத்தை அழைத்தேன். தமிழுக்கு ஒன்று, ஓசைக்கு நான்கு என்று அமுக்கி முடித்த பிறகு, டிவியில் காணாமல் போன அத்தனை ஓசையும் விளம்பரப் பாட்டாகத் தொலைபேசியில் வந்தது. கடைசியில் கிடைத்த பெண்குரல், மேலே நான் இவ்வளவு நேரம் எழுதிய எதையும் விசாரிக்கவில்லை. “சார், பாக்ஸை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க” என்றது. வேலை செய்தது. ஒரு துறையின் அடித்தளத்தையே ஆட்டக்கூடிய வாக்கியம் அது.

காரணம் சொல்வது கடினமில்லை. உடைந்த பொட்டலம் ஒன்றை விழுங்கிய ஓசை பிரிக்கும் நிரல் திணறி நின்றுவிடுகிறது. படம் பிரிப்பது தனி நிரல் என்பதால் அது பாட்டுக்கு ஓடுகிறது. மின்சாரம் போனால் நினைவகம் துடைக்கப்பட்டு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஆனால் ரிமோட்டின் சிவப்புப் பொத்தான் பெட்டியை உறங்கத்தான் வைக்கும். சுவர் சுவிட்சை அணைத்து, உள்ளே தேங்கிய மின்சாரம் வடிய அரை நிமிடம் பொறுக்க வேண்டும். அதற்கு முன் எதுவும் பதிவாகிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது குடும்ப அமைதிக்கு இன்றியமையாதது. யாருடைய சீரியல் பதிவாகிக்கொண்டிருந்தது என்பதைப் பொறுத்துச் சேதத்தின் அளவு மாறும்.

புறனடை

மேற்சொன்ன எதிலும் அடங்காத ஒரு நிலை எஞ்சுகிறது. பெட்டி பேசுகிறது, ஒயர் சரி, அமைப்பு சரி, வால்யூம் எழுபதில் நிற்கிறது. ஆனாலும் பெரியப்பா “என்ன சொல்றான்னே புரியல” என்கிறார். வயது ஏறும்போது காது முதலில் இழப்பது உச்சத் தொனிகளை. சகர, ஸகர, ஃபகர ஓசைகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் சத்தம் பெருகும், சொல் தெளியாது. மெனுவில் ட்ரெபிளைக் கூட்டினாலோ, குரலைத் தூக்கிக்காட்டும் அமைப்பு இருந்து அதைப் போட்டாலோ ஓரளவு தேறும். இதைச் சொல்லிப் பார்த்தேன்.

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. இப்ப வர்றவங்களுக்குத்தான் வாயத் தொறந்து பேசத் தெரியல.”

ஆய்வு நேர்மையுள்ளதாக இருக்க வேண்டுமானால் இக்கூற்றைத் தள்ள முடியாது. பழைய டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் பார்ப்பவரை நோக்கி முன்பக்கம் இருந்தது. தட்டை டிவிகளில் பெரும்பாலும் அதை அடியிலோ முதுகிலோ ஒளித்துவைக்கிறார்கள். அது பேசுவது தரையோடும் சுவரோடும். ஆகவே நடிகர் என்ற இடத்தில் டிவி என்று பாடம் கொண்டால் பெரியப்பா சொல்வதில் பாதி உண்மை. மறுபாதியை ஆராயக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் நாளை மாலைக்கு டோக்கன் வாங்கியாயிற்று. அந்த நேரத்தில் நியூஸ் இருக்கிறது, வரமுடியாது என்கிறார். ரெக்கார்டு போட்டுவிட்டுப் போகலாம், வந்து பாருங்கள் என்றால், “நியூஸை எவனாவது ரெக்கார்டு பண்ணிப் பாப்பானா?” என்று கேட்கிறார்.